129 வெள்ளி கேபிள் படத்தை அழகாக்குமா?

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, என் அக்கா குடும்பம் பொங்கோலில் புதிய வீவக வீட்டுக்குக் குடிபோனது. வரவேற்பறைக்கு 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்த அக்கா உடனே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, டிவி விலை சரிதான். ஆனா ஒரே ஒரு கேபிளுக்கு 129 வெள்ளி போட்டிருக்காங்க. சாதாரண கேபிள் போட்டா 4கே படம் தெளிவா வராது, நிறம் மங்கிடும்னு கடையில சொன்னாங்களாம். உன் அத்தானும் சரின்னு வாங்கிட்டாரு. ஒன்றரை மீட்டர் வயருக்கு இவ்வளவா?"

உயர்நிலை மூன்றில் படிக்கும் அவர் மகனின் குரல் பின்னாலிருந்து கேட்டது: "மாமா, அதே நீளம், பெட்டியில அதே வகைப் பெயர். இன்னொரு கடையில 15 வெள்ளிதான். யார் சொல்றது உண்மை?"

நல்ல கேள்வி. 114 வெள்ளி வித்தியாசம் சிறிய தொகை அல்ல. அந்தப் பணத்துக்கு ஒரு மாணவனுக்குப் பல மாதங்களுக்குப் பேருந்துக் கட்டணம் கட்டலாம். இதற்கு விடை காண விளம்பரங்களைப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் இயற்பியல் பாடமும் கொஞ்சம் கணக்கும் போதும்.

கேபிளுக்குள் ஓடுவது படமா?

தொலைக்காட்சியின் பின்புறம் செருகும் எச்டிஎம்ஐ கேபிளுக்குள் படம் ஓடுவதில்லை. நிறமும் ஓடுவதில்லை. ஓடுவதெல்லாம் எண்கள். அந்த எண்களும் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் ஆனவை. இப்படி எண்களாக மாற்றி அனுப்பும் முறையைத்தான் மின்னிலக்க முறை என்கிறோம்.

இதற்கு முன்பு இருந்தது அனலாக் முறை. வீட்டில் பழைய வீடியோ கருவி இருந்தால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று தலைகள் கொண்ட கேபிளைப் பார்த்திருப்பீர்கள். அதில் படத்தின் பிரகாசம் கூடினால் மின்னழுத்தம் கூடும், குறைந்தால் குறையும். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே படம். வழியில் மின்விசிறியின் மோட்டாரோ பக்கத்து மின்கம்பியோ சிறிது இரைச்சலைக் கலந்துவிட்டால், அதுவும் படத்தின் ஒரு பகுதியாகிவிடும். எது உண்மையான ஏற்ற இறக்கம், எது இரைச்சல் என்று பிரித்துப் பார்க்கத் தொலைக்காட்சிக்கு வழியில்லை. திரையில் கோடுகளும் நிழல்களும் தெரியும்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உணவங்காடி நிலையத்தில் பார்க்கலாம். மதிய நேரம், ஒரே கூச்சல். நீங்கள் மேசையில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பானக் கடை வரிசையில் நிற்கும் நண்பனிடம் ஒரு பாட்டின் மெட்டை முணுமுணுத்துக் காட்டுகிறீர்கள். கூச்சலில் பாதிதான் அவன் காதில் விழும். மீதியை அவனாக நிரப்பிக்கொள்வான். இது அனலாக்.

மாறாக, "கையை உயர்த்தினால் தே தாரிக், உயர்த்தாவிட்டால் மைலோ" என்று முன்பே பேசிவைத்திருக்கிறீர்கள். கூட்டம் மறைத்தாலும், உங்கள் கை சற்று வளைந்திருந்தாலும், கை மேலே இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அவன் பார்த்தால் போதும். வருவது முழுமையான தே தாரிக்தான். கை கொஞ்சம் தாழ்ந்திருந்ததால் தே தாரிக்கில் இனிப்புக் குறைந்துவிடாது. இது மின்னிலக்கம்.

கேபிளிலும் இதுவே நடக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கருவி 1 என்பதற்கு 5 வோல்ட்டும் 0 என்பதற்கு 0 வோல்ட்டும் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கேபிளின் மறுமுனையில் 4.3 வோல்ட் வருகிறது. பெறும் கருவி, "பாதிக்கு மேல் இருக்கிறது, எனவே இது 1" என்று எழுதிக்கொள்கிறது. 4.3 வோல்ட் வந்தாலும் 4.9 வோல்ட் வந்தாலும் எழுதப்படுவது அதே 1தான். இழந்த 0.7 வோல்ட்டின் அடையாளம் படத்தில் எங்கும் இருக்காது.

இந்த யோசனை எச்டிஎம்ஐ காலத்தில் பிறந்தது அல்ல. தொலைதூரத் தொலைபேசி அழைப்புகளில் குரலுக்கு வலுவூட்ட வழியெங்கும் பெருக்கிகளை வைப்பார்கள். ஒவ்வொரு பெருக்கியும் குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கியது. இதற்குத் தீர்வாக 1937ல் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறையைக் கண்டார். வழியில் தேய்ந்துபோன துடிப்பை மீண்டும் புத்தம் புதிய 1 ஆக உருவாக்கி அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாம். இரைச்சல் சேர்ந்துகொண்டே போகாது. இன்று கடலடிக் கம்பிவடங்கள் வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சிங்கப்பூருக்கு வரும் திரைப்படம், சிதையாமல் உங்கள் வீட்டுக்கு வந்துசேர்வது இந்தக் கொள்கையால்தான்.

சிவப்பை மட்டும் அழகாக்க முடியுமா?

இப்போது கடைக்காரரின் வாக்குறுதிக்கு வருவோம். "இந்தக் கேபிள் போட்டால் சிவப்பு இன்னும் ஆழமாகத் தெரியும்."

திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவு மூன்று எண்களாக வருகிறது. சாதாரணமாக ஒவ்வோர் எண்ணுக்கும் 8 பிட், ஆக ஒரு புள்ளிக்கு 24 பிட். ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது ஒரு 1. சிவப்பு ஆழமாகத் தெரியவேண்டுமென்றால், விநாடிக்குக் கோடிக்கணக்கில் ஓடும் இந்த பிட்களில் எவை சிவப்புக்கு உரியவை என்று கேபிள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண்களை மட்டும் சரியான அளவில் கூட்டி எழுத வேண்டும். பச்சையையும் நீலத்தையும் தொடாமல் விடவேண்டும். அந்த வேலைக்கு ஒரு கணினி தேவை. செம்புக் கம்பியால் அது முடியாது.

கேபிளால் செய்ய முடிந்தது இரண்டுதான்: எண்களைச் சரியாகக் கொண்டுசேர்க்கலாம்; அல்லது சிலவற்றைத் தவறவிடலாம். தவறவிட்டால் படம் லேசாக மங்குவதில்லை. திரையில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் மினுமினுக்கும். படம் விநாடி நேரம் கறுத்து மீளும். அல்லது "சமிக்ஞை இல்லை" என்ற எழுத்து வரும். இணையத்தில் ஒரு கோப்பை இறக்கும்போது தவறிய பகுதியைக் கணினி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். எச்டிஎம்ஐ கேபிளில் ஓடும் படத்துக்கு அப்படித் திரும்பக் கேட்க நேரமில்லை. ஆகவே மோசமான கேபிள் தன் குறையை மறைக்க முடியாது. அது திரையிலேயே தெரிந்துவிடும்.

பொறியாளர்கள் இதை மலைமுகட்டோடு ஒப்பிடுவார்கள். முகட்டின் விளிம்புவரை சமதரை. படத்தில் எந்தக் குறையும் இல்லை. விளிம்பைத் தாண்டினால் ஒரேயடியாகப் பள்ளம். இரண்டு கேபிள்களும் சமதரையில் நிற்கும்வரை, ஒன்று விளிம்பிலிருந்து பத்து அடி தள்ளி நிற்கிறதா நூறு அடி தள்ளி நிற்கிறதா என்பதால் படம் மாறாது.

அப்படியானால் எல்லாக் கேபிளும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலர் மறுபக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள். "எந்தக் கேபிளாக இருந்தால் என்ன" என்பதும் தவறு. விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை வேகமும் நீளமும் தீர்மானிக்கின்றன.

முதலில் வேகம். முழு எச்டி படத்தில் 1,920 × 1,080, அதாவது 2,073,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட். விநாடிக்கு 60 படங்கள். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 3 பில்லியன் பிட். 4கே படத்தில் புள்ளிகள் நான்கு மடங்கு. எனவே ஏறக்குறைய 12 பில்லியன் பிட். இதோடு, படங்களுக்கு இடையிலான இடைவெளி நேரத்தையும் சமிக்ஞையை ஒழுங்காக வைத்திருக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்களையும் கணக்கிட்டால் 17.8 பில்லியனைத் தொடுகிறது.

இந்த வேகத்தில் எச்டிஎம்ஐ கேபிள் மூன்று இணைக் கம்பிகளில் எண்களைப் பங்கிட்டு அனுப்புகிறது. ஓர் இணையில் விநாடிக்கு ஏறக்குறைய 6 பில்லியன் பிட். அப்படியானால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? ஒரு விநாடியை 6 பில்லியனால் வகுத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒளிகூட வெற்றிடத்தில் 5 சென்டிமீட்டர்தான் செல்லும்!

ஒவ்வோர் இணையிலும் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே செய்தி இரண்டு கம்பிகளிலும் எதிரெதிராக அனுப்பப்படுகிறது. ஒன்றில் மின்னழுத்தம் ஏறினால் மற்றதில் இறங்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிக்கும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் நீங்கி, செய்தி மட்டும் மிஞ்சும். இந்த முறுக்கும் இடைவெளியும் சீராக இருப்பதுதான் கேபிளின் உண்மையான தரம். அதை வெளி உறையின் பளபளப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது நீளம். அதிவேகச் சமிக்ஞையில் மின்னோட்டம் கம்பியின் முழுத் தடிமனிலும் பரவாமல், மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கிலேயே ஓடுகிறது. வேகம் கூடக்கூட அந்த அடுக்கு மெலிகிறது, மின்தடை கூடுகிறது. கேபிள் நீளமாகும்போது இழப்பும் சேர்ந்துகொண்டே போகிறது. ஒன்றரை மீட்டரில் சிக்கலின்றி வேலை செய்யும் அதே வகைக் கம்பி, பத்து மீட்டரில் விளிம்பைத் தாண்டிவிடலாம். வகுப்பறையின் கூரையில் மாட்டிய படவீழ்த்திக்கு நீண்ட கேபிள் இழுக்கும்போது, உள்ளே சிறு மின்சுற்று பொருத்திய கேபிளோ ஒளியிழைக் கேபிளோ பயன்படுத்துவது இதனால்தான். அங்கே கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் இருக்கிறது.

எனவேதான் எச்டிஎம்ஐ கேபிள்களுக்கு வகைப் பெயர்கள் உண்டு. 'ஹை ஸ்பீட்' என்பது விநாடிக்கு 10.2 பில்லியன் பிட். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' 18 பில்லியன். 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48 பில்லியன். பிந்திய இரண்டு வகைகளின் பெட்டியிலும் சான்றிதழ் ஒட்டுவில்லை இருக்கும். அதிலுள்ள குறியீட்டைக் கைப்பேசிச் செயலியால் வருடிச் சரிபார்க்கலாம். அந்தச் சோதனையில் தேறிய 15 வெள்ளி கேபிளும் 129 வெள்ளி கேபிளும் ஒரே தேர்வில் தேறிய இரண்டு மாணவர்கள். கேபிளுக்கு மதிப்பெண் பட்டியல் இல்லை. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான்.

தங்கம் பூசினால் கூடுதல் நன்மையா?

விலை உயர்ந்த கேபிளின் பெட்டியில் அடிக்கடி காணும் சொல் 'தங்க முலாம்'. தங்கம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் நம்பிக்கை பிறந்துவிடும். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் தங்கம் செம்பைவிடப் பின்தங்கியது.

பொருள்களின் மின்தடைத் திறனை ஒப்பிட்டால், அறை வெப்பநிலையில் வெள்ளிக்கு 1.59, செம்புக்கு 1.68, தங்கத்துக்கு 2.44 என்ற விகிதத்தில் வருகிறது. எண் குறைவாக இருந்தால் மின்சாரம் எளிதாகச் செல்லும். தங்கத்தின் தடை செம்பைவிட ஏறக்குறைய 45 விழுக்காடு அதிகம். வெள்ளி உலோகம் செம்பைவிடச் சிறந்ததுதான். ஆனால் வித்தியாசம் 5 விழுக்காட்டை ஒட்டியது. அதே நன்மையைச் செம்புக் கம்பியைச் சற்றுத் தடிமனாக்கியே பெற்றுவிடலாம்.

பிறகு ஏன் தங்கம்? அது துருப்பிடிக்காது, கறுக்காது. சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் இணைப்பு முனைகள் நாளடைவில் கறுத்து, தொடர்பு விட்டுவிட்டு வரலாம். முனையில் பூசிய மிக மெல்லிய தங்கப் படலம் அதைத் தடுக்கிறது. பயனுள்ள விஷயம்தான். ஆனால் அந்தப் படலம் மிக மெல்லியது என்பதால் குறைந்த விலைக் கேபிள்கள் பலவற்றிலும் அது இருக்கிறது.

'ஆக்சிஜன் நீக்கிய செம்பு' என்பது இன்னொரு கவர்ச்சிச் சொல். மின்கம்பிக்குப் பயன்படும் சாதாரணச் செம்பே 99.9 விழுக்காடு தூய்மையானது. ஆக்சிஜனை நீக்கிய செம்பு மின்சாரத்தைக் கடத்தும் திறனில் அதிலிருந்து ஒரு விழுக்காடுகூட விலகுவதில்லை.

ஒலிபெருக்கிக் கம்பியின் கதை

ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி வேறு விதம். அதில் ஓடுவது இன்றும் அனலாக் சமிக்ஞைதான். எனவே அங்கே கம்பியின் தன்மை ஒலியைப் பாதிக்க முடியும். எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

கம்பியின் மின்தடை அதன் நீளத்தோடு கூடும். குறுக்குப் பரப்போடு குறையும். ஒலிபெருக்கி 5 மீட்டர் தள்ளி இருந்தால், மின்சாரம் போய்த் திரும்ப 10 மீட்டர் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்புக் கம்பியில் இதன் தடை 0.11 ஓம். ஒலிபெருக்கியின் தடை 8 ஓம் என்றால், கம்பியால் ஏற்படும் இழப்பு 0.1 டெசிபெல்லை ஒட்டியது. காதால் உணரக்கூடிய அளவு அல்ல.

அதே இடத்தில் 0.2 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள மெல்லிய கம்பியைப் போட்டால் தடை 0.84 ஓம். 4 ஓம் ஒலிபெருக்கியாக இருந்தால் இழப்பு 1.7 டெசிபெல் வரை போகும். கூர்ந்து கேட்பவருக்கு இது தெரியலாம். ஆகவே தடிமன் முக்கியம். ஆனால் தடிமனான செம்புக் கம்பி எந்த மின்சாதனக் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

விலை உயர்ந்த கேபிள் என்ற வணிகமும் இந்த உண்மையிலிருந்துதான் கிளம்பியது. 1970களில் பலர் ஒலிபெருக்கிகளுக்கு மேசை விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பியையே பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்தின் இறுதியில், அமெரிக்காவில் லேசர் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய பொறியாளர் நோயல் லீ, தடிமனான ஒலிபெருக்கிக் கம்பிகளைத் தயாரித்து 'மான்ஸ்டர் கேபிள்' என்ற பெயரில் விற்றார். கம்பிக்கும் ஒரு பிராண்ட் உண்டு என்ற எண்ணம் மக்களிடையே பரவியது. காலப்போக்கில் மற்ற நிறுவனங்களும் இந்தச் சந்தையில் நுழைந்தன, விலைகள் ஏறின. தடிமனில் இருந்த நியாயம், தடிமன் பொருட்டே இல்லாத மின்னிலக்கக் கேபிளுக்கும் கடன் கொடுக்கப்பட்டது.

2007ல் ஜேம்ஸ் ராண்டி என்ற புகழ்பெற்ற மந்திர வித்தைக் கலைஞர் ஒரு சவால் விட்டார். பொய்யான அதிசயங்களை அம்பலப்படுத்துவதில் பெயர்பெற்றவர் அவர். 12 அடி நீள இணை ஒன்றுக்கு 7,250 அமெரிக்க டாலர் விலையுள்ள ஒலிபெருக்கிக் கேபிளின் ஒலியை, எது எது என்று சொல்லாமல் நடத்தும் சோதனையில் மற்றக் கேபிளிலிருந்து வேறுபடுத்திக் காட்டினால் ஒரு மில்லியன் டாலர் தருவதாக அறிவித்தார். பேச்சுவார்த்தை நடந்தது, சோதனை நடக்கவே இல்லை. பரிசுத்தொகையை யாரும் வெல்லவில்லை.

கண்ணும் காதும் பொய் சொல்லுமா?

"நான் என் கண்ணால் பார்த்தேனே, நிறம் நன்றாக இருந்ததே!" என்று அத்தான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித் தெரிந்திருக்கும்.

2008ல் அமெரிக்காவின் கால்டெக், ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே திராட்சை மதுவை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிச் சுவைக்கக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது மக்கள் அதை அதிகம் விரும்பினார்கள். அதோடு, இன்பத்தை உணரும் மூளைப் பகுதியிலும் செயல்பாடு கூடியதை மூளைப் படங்கள் காட்டின. அதாவது, விலை தெரிந்தால் மூளை அதையும் சேர்த்தே சுவைக்கிறது.

கேபிளிலும் அப்படித்தான். 129 வெள்ளி கொடுத்தவர் அதற்குப் பலன் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்போடு திரையைப் பார்க்கிறார். முன்பு கவனிக்காத நுணுக்கங்களைக் கவனிக்கிறார். அவை எப்போதும் அங்கேதான் இருந்தன.

ஆகவே உண்மையை அறிய ஒரே வழி, பார்ப்பவருக்கு எந்தக் கேபிள் என்று தெரியாமல் சோதிப்பது. புதிய மருந்துகளைச் சோதிப்பவர்களும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

பொங்கோல் வீட்டுச் சோதனை

அந்தச் சனிக்கிழமை நான் பொங்கோலுக்குப் போனேன். அக்கா மகன் 15 வெள்ளி கேபிளை வாங்கி வைத்திருந்தான். சோதனை விதிகளை நாங்கள் இருவரும் எழுதினோம்.

அத்தான் சமையலறையில் இருப்பார். மருமகன் நாணயத்தைச் சுண்டுவான். பூ விழுந்தால் 129 வெள்ளி கேபிள், தலை விழுந்தால் 15 வெள்ளி கேபிள். எந்தக் கேபிளைச் செருகினான் என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். அவன் முகத்தைப் பார்த்தோ குரலைக் கேட்டோ யாரும் ஊகிக்கக்கூடாது. பிறகு அத்தான் வந்து, அதே படத்தின் அதே இரண்டு நிமிடக் காட்சியைப் பார்த்து எந்தக் கேபிள் என்று எழுதுவார். இப்படிப் பத்து முறை.

சோதனை தொடங்கும் முன்பே தேர்ச்சி அளவையும் முடிவு செய்தோம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் சராசரியாக ஐந்து சரியாக வரும். பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னாலும் பெரிதல்ல. ஏழோ அதற்கு மேலோ வெறும் அதிர்ஷ்டத்தால் வரும் வாய்ப்பு 1,024ல் 176, ஏறக்குறைய ஆறில் ஒன்று. ஒன்பதோ பத்தோ சரியாக வரும் வாய்ப்பு 1,024ல் 11தான். எனவே ஒன்பது சரியாகச் சொன்னால் அத்தான் வென்றார்.

முதல் மூன்றை அத்தான் மிகுந்த நம்பிக்கையோடு எழுதினார். ஐந்தாவது முறை தலையைச் சொறிந்தார். எட்டாவது முறை, "இரண்டும் ஒன்று மாதிரிதான் இருக்கு" என்றார். கடைசியில் இரண்டு தாள்களையும் ஒப்பிட்டோம். பத்துக்கு நான்கு.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ரசீதை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் கேபிளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அன்று இன்னொன்றும் நடந்தது. "அப்படின்னா இதுவும் வேலை செய்யுமா?" என்று மருமகன் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ஐந்து மீட்டர் கேபிளை எடுத்துச் செருகினான். பல ஆண்டுகளுக்கு முன்பு முழு எச்டி கருவியோடு பயன்படுத்தியது அது. 4கே படம் வந்தது. சில விநாடிகளில் திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் மினுமினுத்தன. படம் கறுத்து மீண்டது. படத்தை முழு எச்டிக்குக் குறைத்ததும் அதே கேபிள் பிசிறின்றி வேலை செய்தது. மலைமுகட்டின் விளிம்பை நாங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்.

கடைக்குப் போகும்போது

அடுத்த முறை உங்கள் வீட்டில் கேபிள் வாங்கப் போகும்போது நீங்களும் உடன் போங்கள். "நல்ல பிராண்ட் எது?" என்று கேட்பதற்குப் பதிலாக இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, உங்கள் கருவிக்கு எவ்வளவு வேகம் தேவை? விநாடிக்கு 60 படங்கள் கொண்ட 4கே தொலைக்காட்சிக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்' போதும். விநாடிக்கு 120 படங்கள் காட்டும் விளையாட்டுக் கருவிக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' தேவை. பெட்டியில் சான்றிதழ் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, நீளம். தேவைக்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஐந்து மீட்டர் கேபிள் வேண்டாம்.

மூன்றாவது, யூஎஸ்பி-சி கேபிளில் கூடுதல் கவனம் தேவை. எல்லாம் ஒரே வடிவத்தில் இருந்தாலும் உள்ளே வெவ்வேறானவை. சில விநாடிக்கு 480 மில்லியன் பிட்தான் கடத்தும். சில 40 பில்லியன் வரை கடத்தும். சில 60 வாட்தான் தாங்கும். சில 240 வாட் தாங்கும். உங்கள் மடிக்கணினி மெதுவாக மின்னூட்டம் பெறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இங்கும் பார்க்கவேண்டியது பெட்டியில் உள்ள எண்ணை.

நான்காவது, சுவரிலுள்ள மின்செருகியோடு இணையும் எதிலும் மலிவைத் தேடாதீர்கள். படக் கேபிள் தோற்றால் திரைதான் கறுக்கும். தரமற்ற மின்கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். மூன்று முள் பிளக், நீட்டிப்புப் பெட்டி ஆகியவற்றில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேபிளில் மிச்சமாகும் பணத்தை வேறு எதில் போடலாம்? மெல்லிய தொலைக்காட்சிகளில் உள்ள ஒலிபெருக்கிகள் மிகச் சிறியவை. ஒரு சுமாரான வெளி ஒலிபெருக்கி வைத்தாலே வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து சொல்லலாம்.

சென்ற வாரம் அக்கா மீண்டும் அழைத்தார். அத்தான் புதிய மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போனாராம். பணம் கட்டும் நேரத்தில் விற்பனையாளர் ஒரு சிறப்புக் கேபிளை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"உன் அத்தான் என்ன கேட்டாரு தெரியுமா, தம்பி? 'எத்தனை வாட், எத்தனை ஜிகாபிட், பெட்டியில எங்க போட்டிருக்கு?'ன்னு கேட்டாராம். அந்தப் பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். கடைசியில பக்கத்து அலமாரியிலிருந்து 18 வெள்ளி கேபிளை எடுத்துக் கொடுத்தானாம்."